கழுவினால்தான் படம்

அப்பாவின் ஆல்பத்தில் அம்மாவின் படம் ஒன்று இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். பாதி முகத்தில் வெளிச்சம். எட்டுக்குப் பத்து கருப்பு வெள்ளைப் பிரிண்ட். குளியலறை ஜன்னலில் கருப்புத் துணி அடித்து அப்பா தன் கையாலேயே போட்டது. போன மாதம் அதை ஆல்பத்திலிருந்து வெளியே எடுத்தபோது வலது மேல் மூலையில் ஒரு பழுப்புக் கறை கண்ணில் பட்டது. வெள்ளைச் சுவர் இருக்கவேண்டிய இடம் அது. துருப்பிடித்த இரும்பை நனைத்து ஒற்றியது போல் இருந்தது.

கறையை விட அதன் ஓரம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. ஒரு பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. ஈரம் பட்ட கறை அலை அலையாகப் பரவும். பூஞ்சை புள்ளி புள்ளியாகப் பூக்கும். இது இரண்டும் இல்லை. அச்சு அசலாக ஒரு முக்கோணம்.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஹைப்போ பத்தலைம்மா,” என்றார். படத்தைக் கழுவி நிலைக்க வைக்கும் கரைசல்தான் ஹைப்போ, அது இருப்பது கடைசி ட்ரேயில். கொஞ்ச நேரம் கழித்து, “அன்னைக்குக் கடைசி ட்ரேல நீதானே நின்னே?” என்றார். நினைவைச் சரிபார்த்துக்கொள்கிற குரல்தான் அது.

நான்தான் நின்றேன். எனக்கு அப்போது 10 வயது. இடுக்கியால் பிரிண்டுகளைப் புரட்டிக்கொண்டே இருப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அடியில் கிடப்பதை எடுத்து மேலே போட வேண்டும், திரும்ப அடியில் இருப்பதை மேலே, இப்படியே ஐநூறு எண்ணும் வரை. ஐநூறை நான் எவ்வளவு வேகமாக எண்ணுவேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்க்கும் அவசரம்.

ஃபிலிம் ரோலைக் கொடுத்து வைத்தால் நாம் “கழுவக் கொடுத்திருக்கேன்” என்றுதான் சொல்வோம். டெவலப் செய்ய என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ரொம்ப நாள் அது பாமரத்தனமான சொல் என்றுதான் நினைத்திருந்தேன். வேதியியல் படித்து, சொந்தமாக ஒரு இருட்டறையும் போட்டு, 12 வருஷம் ட்ரேக்களோடு நின்ற பிறகு, அதை விடச் சரியான சொல் கிடையாது என்று நினைக்கிறேன். வெள்ளி உப்பை வைத்துப் படம் எடுப்பதில் பாதிக்கு மேல் கழுவுகிற வேலைதான். தேவையில்லாத உப்பைக் கழுவி வெளியேற்றிய பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் படம்.

ஃபிலிம் தயாராகும் கட்டத்திலேயே இந்தக் கழுவுதல் தொடங்கிவிடுகிறது. ஜெலட்டின் கரைசலில் பொட்டாசியம் புரோமைடைக் கரைத்து, இருட்டில் சில்வர் நைட்ரேட்டைச் சிறுகச் சிறுக விடுவார்கள். இரண்டும் தெளிந்த கரைசல்கள்தான். சேர்ந்த மாத்திரத்தில் வெளிர்மஞ்சளாகக் கலங்கிவிடும். அந்தக் கலங்கல்தான் சில்வர் புரோமைடு, தண்ணீரில் கரையாத மிக நுண்ணிய படிகங்கள். ஜெலட்டின் இல்லாவிட்டால் அவை ஒன்றோடொன்று திரண்டு அடியில் படிந்துவிடும். ஜெலட்டின்தான் ஒவ்வொரு படிகத்தையும் தனித்தனியாகத் தாங்கிப் பிடிக்கிறது. கூடவே உண்டாகும் பொட்டாசியம் நைட்ரேட் ஒன்றுக்கும் உதவாது. அதை நீக்க, உறைந்த ஜெல்லை நூல் நூலாக நறுக்கிக் குளிர்ந்த நீரில் அலசுவது பழைய முறை. அதன் பிறகு உருக்கி, ஃபிலிமிலோ பேப்பரிலோ பூசுவார்கள்.

இந்த ஜெலட்டினைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஒரே முறையில் செய்தும் ஒரு தொகுதி எமல்ஷன், அதாவது படிகம் கலந்த இந்த ஜெலட்டின், வெளிச்சத்துக்கு வேகமாக வேலை செய்யும், அடுத்தது மந்தமாக இருக்கும். காரணம் தெரியாமல் உற்பத்தியாளர்கள் வெகுகாலம் தவித்தார்கள். 1925இல் கோடாக் ஆய்வகத்தைச் சேர்ந்த சாமுவேல் ஷெப்பர்டு விடையை வெளியிட்டார். ஜெலட்டின் மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. மாடு மேய்ந்த கடுகுச் செடி போன்றவற்றில் இருந்த கந்தகச் சேர்மங்கள், எண்ணிப் பார்க்கவே முடியாத சிறு அளவில், ஜெலட்டின் வரை வந்து சேர்ந்திருந்தன. அந்தக் கந்தகம் படிகத்தின் மேல் சில்வர் சல்பைடுப் புள்ளிகளை உண்டாக்கிவிடுகிறது. வெளிச்சத்தைப் படிகம் உணர்வதற்கு உதவுவது அந்தப் புள்ளிகள்தான்.

எப்படி உதவுகின்றன என்பதை 1938இல் கர்னி, மாட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் விளக்கினார்கள். ஒளித்துகள் ஒன்று படிகத்துக்குள் விழுந்து, ஒரு புரோமைடு அயனியிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது. அந்த எலெக்ட்ரான் உள்ளே அலைந்து, அந்தக் கந்தகப் புள்ளியில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. எதிர்மின்சுமை சேர்ந்த இடத்தைத் தேடி, படிகத்துக்குள் நகரக்கூடிய வெள்ளி அயனி ஒன்று வருகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வெள்ளி அணு. அடுத்த ஒளித்துகள், அடுத்த அணு. ஒற்றை அணு நிலையற்றது, துணை வராவிட்டால் திரும்ப அயனியாகிவிடும். ஒரே இடத்தில் நாலு அணு சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் படிகம் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டது என்று கணக்கு.

இரவில் படம் எடுப்பவர்களுக்கு இந்த ஒற்றை அணுவின் சங்கடம் அனுபவத்தில் தெரியும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 10 வினாடி காட்டினால் நான் 20, 25 வினாடி திறந்து வைப்பேன். வெளிச்சம் சொட்டுச் சொட்டாக வரும்போது, இரண்டாவது அணு வருவதற்குள் முதல் அணு போய்விடுகிறது. வெளிச்சம் பாதியானதற்கு இரண்டு மடங்கு காத்திருந்தும் படம் இருண்டு கிடந்த காலத்தில் ஷட்டரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஷட்டரில் ஒரு குறையும் இருக்கவில்லை.

நாலு அணு என்பது எவ்வளவு சின்னது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பக்கத்துக்கு ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ள சில்வர் புரோமைடு கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அடர்த்தியை வைத்துப் பார்த்தால் அதற்குள் ஏறத்தாழ 2,000 கோடி வெள்ளி அயனிகள் இருக்கும். அதில் நாலு மாறியிருக்கிறது. எந்த நுண்ணோக்கியில் வைத்தாலும் எக்ஸ்போஸ் ஆன ஃபிலிமுக்கும் ஆகாத ஃபிலிமுக்கும் வித்தியாசம் தெரியாது. மிச்சக் கோடிகளை வெள்ளியாக மாற்றுவது டெவலப்பரின் வேலை.

நான் டி-76 என்ற டெவலப்பர் கரைசலை இன்னமும் வீட்டில்தான் கலக்கிக்கொள்கிறேன். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட்டு 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். தண்ணீர் கை பொறுக்காத சூட்டில், 50 டிகிரி அளவில் இருக்க வேண்டும். முதலில் ஒரு சிட்டிகை சல்பைட்டு, பிறகு மெட்டால் முழுவதும், அது கரைந்தபின் மிச்ச சல்பைட்டு. வரிசையை மாற்றி மொத்த சல்பைட்டையும் முன்னால் கொட்டிவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும். மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் எலெக்ட்ரான் கொடுக்கிற ஆட்கள். நாலு அணு சேர்ந்திருக்கும் படிகத்தில் அந்தப் புள்ளி வாசல் மாதிரி. அதன் வழியாக எலெக்ட்ரான்கள் உள்ளே புகுந்து, படிகம் மொத்தமும் சில நிமிஷத்தில் வெள்ளியாகிவிடும். வாசல் இல்லாத படிகம் அப்படியே நிற்கும். என்றென்றைக்கும் நிற்காது. டெவலப்பரிலேயே போட்டு வைத்தால் அவையும் மெல்ல மெல்லக் கறுத்துவிடும். டெவலப்பிங்கில் கடிகாரத்தைப் பார்ப்பது அதனால்தான்.

வெள்ளி பளபளக்கும் உலோகமாயிற்றே, படத்தில் மட்டும் ஏன் கருப்பு என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துக் காட்டினார். அதுவும் பளபளக்கும் இரும்புதான், சுருட்டி வைத்தால் இருட்டாகத்தானே தெரிகிறது என்றார். பிற்பாடு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தைப் பார்த்தபோது சிலிர்த்துவிட்டது. டெவலப் ஆன வெள்ளித் துகள் அதே மாதிரிதான், சிக்கலான நூல்பந்து. உள்ளே போன ஒளி அங்கேயே முட்டி மோதி அடங்கிவிடுகிறது.

டெவலப்பர் வேலை முடிந்து, அசிட்டிக் அமிலத்தில் ஒரு முக்கு முக்கியதும், வெளிச்சம் படாத படிகங்கள் எல்லாம் இன்னும் உள்ளேயேதான் இருக்கின்றன. அம்மா படத்தின் அந்த வெள்ளைச் சுவர், அந்த நிமிஷத்தில், உப்பு நிறைந்த இடம். விளக்கைப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் கறுக்கும். புகைப்படக் கலையே ஒரு தலைமுறைக்கு மேல் தடுக்கி நின்ற இடம் இதுதான்.

வெள்ளி உப்பு வெயிலில் கறுக்கும் என்று 1700களின் முற்பாதியிலேயே யோஹான் ஹைன்ரிஷ் ஷூல்ட்சே காட்டிவிட்டார். 1802இல் தாமஸ் வெட்ஜ்வுட், ஹம்ப்ரி டேவி இருவரும் வெள்ளி உப்பு தடவிய காகிதத்திலும் தோலிலும் உருவங்களை வரவழைத்தார்கள். நிறுத்தத்தான் தெரியவில்லை. இருட்டில் வைத்திருந்து, விளக்கு வெளிச்சத்தில் சற்று நேரம் பார்த்துவிட்டு, திரும்ப இருட்டிலேயே வைக்க வேண்டியிருந்தது. எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இதில் உண்டு. அதற்கு 25 வருஷம் முன்பே, 1777இல், கார்ல் வில்ஹெல்ம் ஷீல, கறுத்த சில்வர் குளோரைடில் அம்மோனியாவை ஊற்றினால் கறுக்காத பகுதி கரைந்துவிடும், கருப்பு மட்டும் மிஞ்சும் என்று எழுதி வைத்திருந்தார். கழுவும் முறை அச்சிலேயே இருந்தது. அதைப் படத்தோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

காகிதத்தில் படம் எடுக்க முயன்ற ஆங்கிலேயர் டால்பட் 1830களில் கெட்டியான உப்புக் கரைசலில் நனைத்துச் சமாளித்தார். சாதாரணச் சமையல் உப்புதான். அதில் வெள்ளி உப்பு மந்தமாகுமே தவிர வெளியேறாது. கடைசியில் ஜான் ஹெர்ஷல் வந்தார். சோடா ஹைப்போசல்பைட்டில் வெள்ளி உப்பு சர்க்கரை போலக் கரைகிறது என்று 1819இலேயே கண்டு எழுதியவர் அவர். அப்போது படம் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. 1839 ஜனவரியில் பிரான்ஸில் டாகேர் என்பவர் படத்தை நிறுத்தி வைத்துவிட்டாராம் என்ற செய்தி காதில் விழுந்ததும், 20 வருஷத்துக்கு முந்தைய தன் சோதனை அவருக்கு நினைவுக்கு வந்தது. அந்த மாதமே முயன்று பார்த்தார், படம் நின்றது. அந்தச் சேர்மத்துக்கு அன்று வைத்த பெயர் வேதியியலில் தவறாகிப்போய், இன்று சோடியம் தயோசல்பேட்டு என்கிறோம். ஆனாலும் இருட்டறையில் யார் வாயிலும் ஹைப்போ என்றுதான் வரும்.

ஹைப்போ எப்படிக் கரைக்கிறது என்பதில்தான் அம்மா படத்துக் கறையின் கதை இருக்கிறது. தயோசல்பேட்டு அயனி வெள்ளி அயனியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போகக்கூடிய கூட்டுச்சேர்மமாக மாற்றுகிறது. ஆனால் ஒரே தாவலில் அங்கே போய்விடாது. முதலில் ஒரு வெள்ளிக்கு ஒரு தயோசல்பேட்டு என்ற அரைகுறைச் சேர்மம் உண்டாகிறது. அது சுலபத்தில் கரையாது, பேப்பர் நாரைப் பிடித்துக்கொள்ளும். மேலும் ஹைப்போ வந்து சேர்ந்தால்தான் நன்றாகக் கரையும் வடிவத்துக்கு மாறும். ஹைப்போ பழசாகி அதில் வெள்ளி ஏறிவிட்டாலோ, நேரம் போதாவிட்டாலோ, ட்ரேயில் இரண்டு பிரிண்ட் ஒட்டிக்கொண்டு இடையில் புதுக் கரைசல் புக முடியாவிட்டாலோ, விஷயம் பாதியிலேயே நின்றுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். எத்தனை மணி நேரம் தண்ணீரில் போட்டாலும் அந்த அரைகுறைச் சேர்மம் வராது. வருஷக்கணக்கில் அது தானாகவே சிதைந்து சில்வர் சல்பைடாக மாறும். அதன் நிறம் பழுப்பு.

முக்கோணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. இன்னொரு பிரிண்டின் மூலை அது. அம்மா படத்தின் மேல் கோணலாக வந்து படிந்து ஒட்டிக்கொண்டு, நான் வேகமாக எண்ணி முடித்த ஐநூறு வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறது. ஆல்பத்தில் தேடினேன். அதே நாளில் போட்ட இன்னொரு படம், மாடிப்படியில் நான் நிற்பது. அதன் முகப்பில் கறை இல்லை, எனவே முதுகுப்புறம்தான் ஒட்டியிருக்க வேண்டும். அளந்து வைத்துப் பார்த்தேன். மூலை முக்கோணத்தில் அப்படியே பொருந்தியது.

கறை விழுந்ததைத் திருப்ப முடியாது. அந்தச் சல்பைடைக் கரைக்கப் போனால் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் கூந்தலும் சேர்ந்து போகும், அதுவும் வெள்ளிதானே. ஆனால் அன்றைக்கு அந்த ட்ரேயில் கிடந்த மற்ற பிரிண்டுகளில் இன்னும் கறையாக மாறாத மிச்சம் இருக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். செலினியம் டோனரை ஒன்றுக்கு ஒன்பது என்று தண்ணீரில் கலந்து, வெள்ளை பார்டரில் ஒரு சொட்டு விட்டு, சில நிமிஷம் கழித்து ஒற்றி எடுக்க வேண்டும். உள்ளே உப்பு மிச்சமிருந்தால் அந்த இடம் நிறம் மாறும். 11 பிரிண்டில் மூன்று மாறியது. மூன்றையும் தண்ணீரில் ஊறவைத்து, புதுசாகக் கலக்கிய ஹைப்போவில் போட்டு, திரும்ப அலசினேன்.

நெகட்டிவ் கிடைத்தது, அதுதான் பெரிய ஆறுதல். ஓரத்தில் கூடக் கலங்கல் இல்லை. அப்பா ஃபிலிமை மட்டும் யாரிடமும் விட்டதில்லை.

அதனால் அந்தப் படத்தை மறுபடி போடுவது என்று முடிவு செய்தோம். இந்த முறை ஹைப்போவுக்கு இரண்டு ட்ரே. முதல் ட்ரே பெரும்பாலான வெள்ளியை வாங்கிக்கொள்ளும். இரண்டாவது ட்ரேயில் வெள்ளியே அதிகம் சேராது என்பதால், அந்த அரைகுறைச் சேர்மத்தை முழுசாக்கி வெளியே கொண்டுவரும் பலம் அதற்கு இருக்கும். தொடங்கும் முன் ஹைப்போவையும் சோதித்தேன். வீணான ஃபிலிம் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு விட்டேன். அரை நிமிஷத்தில் அந்த இடம் மட்டும் வட்டமாகக் கண்ணாடியாகிவிட்டது. பிறகு துண்டை முழுசாக முக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். சுற்றிலும் இருந்த பால் நிறம் கலைந்து கலைந்து, வட்டம் எங்கே இருந்தது என்றே தெரியாமல் போக 40 வினாடி. ஃபிலிமாக இருந்தால் அதற்கு இரண்டு மடங்கு போட்டால் போதும். இந்த நேரமே புது ஹைப்போவில் ஆனதைப் போல் இரட்டிப்பாகிவிட்டால், அந்த ஹைப்போவின் வேலை முடிந்தது. அதைச் சாக்கடையில் ஊற்றுவது தப்பு. நீரில் வாழும் உயிர்களுக்கு வெள்ளி விஷம். ஒரு வாளியில் சேர்த்து, அந்தக் கம்பி நாரைப் போட்டு வைப்பேன். இரும்பு கரைந்து கரைசலுக்குள் போக, வெள்ளி கருப்புச் சேறாக அடியில் இறங்கும்.

அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். சிவப்பு விளக்கில் டெவலப்பர் ட்ரேயில் முதலில் கூந்தல் வந்தது, பிறகு ஜன்னல் கம்பி, கடைசியாகக் கன்னத்தின் நிழல். சுவர் வரவே இல்லை, வரக்கூடாதுதான். அமிலத்தில் முக்கி, முதல் ஹைப்போவில் போட்டு, பேப்பருக்கடியில் இடுக்கியை விட்டு ஓயாமல் ஆட்டினேன். சுவரில் கடிகாரம் இருந்தது. அப்பாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டிக் பூச்சு இல்லாத, ரசாயனத்தை உறிஞ்சிக்கொள்ளும் நார்ப் பேப்பர் என்பதால் சல்பைட்டுக் கரைசலில் பத்து நிமிஷம் போட்டு, அதன்பின் ஒரு மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் அலசினேன். வெள்ளி உப்பு போகாவிட்டால் சுவர் பழுப்பாகும். ஹைப்போவே மிஞ்சினால் அதிலிருக்கும் கந்தகம் படத்தின் வெள்ளியையே தின்னும், அப்போது கூந்தல் மஞ்சளாக வெளிறும். இரண்டையும் பார்த்துவிட வேண்டும். ஒரு பார்டரில் செலினியம் சொட்டு, எதிர் பார்டரில் அசிட்டிக் அமிலம் கலந்த சில்வர் நைட்ரேட் சொட்டு. இரண்டு நிமிஷம் கழித்து ஒற்றி எடுத்தேன். செலினியம் விட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. நைட்ரேட் விட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் என்று சொல்லவும் முடியாத ஒரு சாயல்.

அப்பா அதை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்து சாய்த்துப் பார்த்தார். “இன்னும் ஒரு கால் மணி நேரம் தண்ணில கிடக்கட்டும்,” என்றார். போட்டேன்.